பால்மரத் தோட்டம் காடாகுமா?

தொழிலாளத் தோழர்களே!

காட்டுச் செடிகொடிகளையும் நிலப் பராமரிப்பையும் ஆராயும் பட்டதாரி மாணவர் ஒருவர், நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவுமாக நம் தோட்ட எல்லையில் நின்றால் போதும். "காடு காடு என்று சொல்லி உங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்" என்ற பேச்சு பெரட்டுக்களத்தில் கிளம்பிவிடுகிறது. இந்தப் பேச்சை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

அந்த மாணவர் சொல்வது என்ன? இயற்கைக் காட்டை அழித்துவிட்டு ஒரே வகை மரத்தை நட்டு, அதையும் காடு என்று கணக்கெழுதாதீர்கள் என்கிறார். 'லாடாங் ஹூத்தான்' என்ற பெயரில், வனக் காப்பு நிலங்களிலேயே காடு வெட்டப்பட்டு இப்படி மரங்கள் நடப்பட்டன. அந்த மரங்களில் ரப்பரும் ஒன்று!

நாமும் பேச்சு வழக்கில் "காட்டுக்குப் போகிறோம்" என்கிறோம். ஆனால் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்துச் சீவும் நமக்கா வித்தியாசம் தெரியாது? நிரையில் நிற்பது ஒரே மரம். 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகப் புறப்பட்டு, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்திறங்கிய மரம். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து எண்ணியபோது 800க்கு மேற்பட்ட மர வகைகள் இருந்தன. அது காடு, நம்முடையது தோட்டம். தோட்டத்துக்கு மருந்தடிக்க வேண்டும். அதன் கொடுமையை நம் பெண்கள் அறிவார்கள். 2020 ஜனவரி 1இல் பாராகுவாட் தடை செய்யப்படும் வரை, அதை முதுகில் சுமந்து அடித்தவர்கள் அவர்கள்தாமே!

நம் பிழைப்பைக் கெடுத்தது யார்? சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. லயங்கள் காலியாயின. அதற்குக் கையெழுத்திட்டவர் செடி எண்ண வந்த மாணவரா? இல்லை! நிலத்தை விற்றவர்கள்தாம்!

தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். உலு மூடா காட்டின் நீர்தான் மூடா, பெடு, ஆனிங் அணைகளை நிரப்பிக் கெடா வயல்களுக்குப் பாய்கிறது. பினாங்கு மக்கள் குடிப்பதும் பெரும்பாலும் மூடா ஆற்று நீரே. 2022 ஜூலை 4இல் பாலிங் வட்டாரக் கூப்பாங்கில் சேறும் மரக்கட்டைகளுமாக வெள்ளம் இறங்கி மூவரைப் பலிகொண்டது. குனோங் இனாஸ் மலையில் காடு அழிக்கப்பட்டதை ஊரார் சுட்டிக் காட்டினர். பெருமழையே காரணம் என்று மேலிடம் சொன்னது. மழையைத் தடுக்க எவராலும் முடியாதுதான். மழைநீரைத் தாங்கும் காட்டை வெட்டாதிருக்கவுமா முடியாது?

எனவே நாம் கேட்கிறோம்: ரப்பர் வேண்டுமானால் கிழட்டு மரம் நிற்கும் தோட்டங்களில் மறுநடவு செய்யுங்கள். காட்டை வெட்டிவிட்டுத் தொழிலாளி பெயரைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஒரு சொல். எந்தச் சரிவில் மண் அரிக்கிறது, எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது என்பதை மரம் சீவுபவர் அறிவார். லயத்துக்கு வந்து கேளுங்கள். கண்டறிந்ததை மலாயிலும் தமிழிலும் எங்களுக்குத் தாருங்கள்.

தோழர்களே! அந்த மாணவர் நம் பகைவரல்லர். மண் கெட்டால் முதலில் கெடுவது மண்ணை நம்பி வாழும் நாமே. விழித்திருப்போம்!