சிரட்டையில் பசுமை, டயரில்?

குமரி மாவட்ட ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்பே பால்வெட்டுபவர் பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்த்துக் கீறுகிறார். பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் வடிகிறது. மரம் சாவதில்லை. நட்ட ஏழாம் ஆண்டு வாக்கில் வெட்டத் தொடங்கி, இருபது ஆண்டுக்கும் மேல் பால் எடுத்தபின் தடியும் மேசை நாற்காலியாகிறது. இதைக் காட்டி ரப்பரைப் பசுமைப் பொருள் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. கதையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறைப்படி கந்தகம் சேர்த்துச் சூடாக்கியதும் அது வேறு பொருள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால் உருக்கி வார்க்க முடியாது, எளிதில் மட்கவும் செய்யாது. டயருக்குப் பலமே அந்தப் பிணைப்புதான். குப்பைமேட்டில் தொல்லையும் அதுதான். போதாக்குறைக்கு, பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பரும் டயரில் கலந்திருக்கிறது. டயர் தேய்ந்து உதிரும் தூளிலிருந்து உருவாகும் ஒரு நச்சு, அமெரிக்க மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

தோட்டமும் மரம்தானே, கரியமில வாயுவை உறிஞ்சாதா என்று கேட்கலாம். உறிஞ்சும். ஆனால், எதை அழித்து நட்டோம்? சீனாவின் சிஷுவாங்பன்னாவில் மழைக்காடு இருந்த சரிவுகளில் இன்று ஒரே இன மரம் வரிசைகட்டி நிற்கிறது. பழைய தோட்டத்திலேயே மறுநடவு செய்வதை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு காடழிப்புத் தடைச் சட்டம் ரப்பரையும் உள்ளடக்கியது. ரப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்டும் ஆவணச் சுமை இரண்டு ஏக்கர்க்காரருக்குத் தாங்காது என்ற முறையீடு நியாயமானதே. அதற்காகச் சட்டத்தைத் தளர்த்த வேண்டியதில்லை. தடமறியும் செலவை டயர் நிறுவனங்கள் ஏற்கட்டும்.