'போர்டு திரும்ப வருதாமே!' பழைய எக்கோஸ்போர்ட் வாங்கும் முன் உஷார்

செங்கல்பட்டு:
"போர்டு கம்பெனி மறுபடி வருதுங்க, இப்பவே எக்கோஸ்போர்ட் வாங்கிப் போடுங்க" என்று பழைய கார் புரோக்கர் யாராவது ஆசை காட்டினால், கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது.

மறைமலைநகரில் தயாரான இந்த உயரமான சின்ன கார் 2013-ல் விற்பனைக்கு வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக போர்டு அறிவித்தது. 2022-ல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. 2025 அக்டோபரில் ரூ.3,250 கோடியில் அதே ஆலையைத் திறக்க ஒப்பந்தம் போட்டது நிஜம்தான். ஆனால் 2029 முதல் அங்கே தயாராகப் போவது என்ஜின். எக்கோஸ்போர்ட் இல்லை!

சர்வீசும், உதிரி பாகமும் தொடரும் என்று கம்பெனி அப்போதே சொல்லிவிட்டது. பிரேக் பேடு, பில்டர் எல்லாம் வெளிக்கடையிலேயே கிடைத்துவிடும். அடிபட்டு ஹெட்லைட், கதவு போனால்தான் தலைவலி. சாமான் வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும். வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அத்தனை நாள் கூலியும் போச்சு.

எது தேவலை?

1.5 லிட்டர் டீசல், கையால் கியர் போடும் வண்டி என்றால் உள்ளூர் மெக்கானிக்கே சமாளிப்பார். 1 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆரம்பகால ஆட்டோமேட்டிக் இரண்டிலும் எல்லோராலும் கை வைக்க முடியாது.

ஆர்.சி.யில் பைனான்ஸ் கடன் பாக்கி இருக்கா என்று பார்க்கணும். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்சை பெயர் மாற்ற எழுதிக் கொடுக்கணும். 2013-ல் பதிவான வண்டிக்கு 2028-ல் 15 வருஷம் முடியும், அப்புறம் எப்.சி. காட்டித்தான் ஓட்டணும்.

இத்தனை செலவையும் கழித்துத்தான் விலை பேசணும். என்ஜின் ஆலை வருவதற்காக கூடுதலாக ஒரு ரூபாய்கூட தர வேண்டியதில்லை.