பாவாதமலையில் ஓர் இரவு



மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் பல நாட்களாக என் மேசையில் கிடக்கிறது. உயர்தர வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், தோழிகளோடு இரவில் பாவாதமலை ஏற வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரியில் மலை எதற்கு? அது நம்முடைய இடமும் இல்லையே" என்று வாப்பா மறுத்துவிட்டார். கடிதத்தின் கடைசி வரிகள்தாம் என்னை எழுத உட்கார வைத்தன. "நான் கலியாணம் முடித்து இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். சீசன் வந்தால் குசினி ஜன்னலால் அந்த மலை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நானும் ஏறியதில்லை."

அவருக்கு எழுதும் பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், அது நம்முடைய இடமா? சிங்களவர் ஸ்ரீபாத என்கிறார்கள். தமிழர் சிவனொளிபாதமலை என்கிறார்கள். நம் பெரியவர்கள் பாவாதமலை என்றார்கள். உச்சிப் பாறையிலுள்ள பாதச்சுவடு புத்தருடையது, சிவனுடையது, சுவனத்திலிருந்து இறங்கிய ஆதம் (அலை) அவர்களுடையது என்று அவரவர் நம்பி வந்திருக்கிறார்கள். ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் சொல்கிறது. இறங்கிய ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஆகவே இதை ஈமானோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டாம். ஸியாரத் என்ற நிய்யத்தோடும் போக வேண்டாம். அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். மற்றவர்கள் வணங்கும் இடத்தில் மரியாதையோடு நடந்துகொள்வதும் நமக்குத் தெரியாததல்ல.

ஆனாலும் அந்தப் பாதைக்கு நாம் புதியவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1344இல் இப்னு பதூதா ஏறிய மலை இது. புத்தளப் பக்கம் கரையிறங்கிய அவர் ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டது பொன்னோ பட்டோ அல்ல, மலைக்குப் போக வழித்துணை. மன்னர் பல்லக்கும் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துத் துணைவர்கள், சுமை தூக்கப் பதினைந்து பேர் என்று கூட்டி அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகிகளும் பிராமணர்களும் வழி காட்டிய காட்சியை எண்ணிப் பாருங்கள்!

அப்போது இன்றைப் போல் படிக்கட்டும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை. உச்சிக்குக் கீழே கிழுறு (அலை) பெயரால் வழங்கிய குகையில் சாமான்களை வைத்துவிட்டு, மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் மேலே போய்வருவது அந்நாள் வழக்கம். அவரும் அப்படியே தங்கினார். செங்குத்தான பாறையில் பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தனவாம். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்த்தவர் தலைசுற்றி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமாச் சொல்லிவிடுவாராம்! மரத்திலும் புல்லிலுமிருந்து பாயும் அட்டையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எலுமிச்சம் பழத்தைக் கையில் வைத்திருந்து பிழிந்தால் அது விழுந்துவிடும் என்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறார். மலைக்கு இரண்டு வழிகள். ஆதமின் பெயரால் பாபா வழி, ஹவ்வாவின் பெயரால் மாமா வழி. பாபா வழி கடினம். மாமா வழி இலகு. இறங்குவதற்குத்தான் அது, அதில் ஏறினால் மலையேறியதாகவே கணக்கில்லையாம். உம்மா பெயரில் உள்ள பாதை என்றால் அந்தக் காலத்திலும் கணக்கில் சேர்க்கவில்லை பார்த்தீர்களா?

இனி வாப்பாவின் இரண்டாவது கவலை. அது நியாயமானது, ஆனால் சீசனை நேரில் பார்த்தால் பாதி குறைந்துவிடும். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை பாதை முழுதும் விளக்கு எரியும். கைக்குழந்தைக்காரிகளும் தடியூன்றிய பாட்டிகளும் விடிய விடிய ஏறுவார்கள். சீசன் முடிந்த பிறகு விளக்கு இராது, கடைகள் பூட்டிக் கிடக்கும், மழையும் அட்டையும்தான். அப்போது மகள் கேட்டால் நானும் வாப்பா பக்கமே. சனி ஞாயிறும் போயா நாளும் வேண்டாம். நெரிசலில் படியிலேயே மணிக்கணக்காக நிற்க நேரும். காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று பிள்ளைகள் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட வனம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. இளைப்பாற வழியில் அம்பலங்கள் இருக்கின்றன.

மலையின் உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டால், நின்று நின்று ஏறி, மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சியை நெருங்கலாம். ஏறும்போது வியர்க்கும், மேலே காற்று எலும்பைத் தொடும். ஆகவே மாற்று உடுப்பு ஒன்றைப் பையில் நனையாமல் வையுங்கள். வுழுவைக் கீழேயே முடித்துக்கொள்வது நல்லது. உச்சியில் இடம் குறுகல், அது விகாரை வளவு வேறு. சற்றுக் கீழே, வழியை மறிக்காத ஒரு சமதரையில் சுபுஹைத் தொழுதுவிட்டு மேலே போங்கள்.

சூரியன் கிளம்பும்போது எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள். நீங்கள் ஒரு தரம் திரும்பி மேற்கேயும் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் மலையின் நிழல் முக்கோணமாகப் பள்ளத்தாக்குகளின் மேல் நீண்டு கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் சற்றுத் தெற்கே தள்ளி உதிப்பதால் நிழல் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாயும். நம் கிப்லாவும் ஏறக்குறைய அதே திசைதான்.

மஸ்கெலியாச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. மகளைத் தோழிகளோடு அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் வழக்காடிக்கொண்டிராமல், நீங்களே கூடப் போங்கள். வாப்பாவையும் கூப்பிடுங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும். அவசரப்படாதீர்கள், மகளை முன்னால் போகவிட்டு மெதுவாக வாருங்கள். மறுநாள் சமையலை யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள், உங்களால் எழுந்து நிற்க முடியாது! திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள், மேலேயிருந்து உங்கள் குசினி ஜன்னல் இருக்கும் பக்கம் தெரிந்ததா, வாப்பாவும் வந்தாரா என்று.