கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து...

ரொம்ப நாளாக எழுத நினைத்து, யார் மனசாவது நோகுமே என்று தள்ளிப்போட்ட விஷயம். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். நொந்தால் மன்னியுங்கள்.

ஜாதவ்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. 8பி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. முருங்கைக்காய், இட்லி அரிசி, வாழை இலை எல்லாம் லேக் மார்க்கெட்டில் கிடைத்துவிடும். ஊரை விட்டு வந்ததில் எதையும் இழக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன கிறிஸ்துமஸ் லீவுக்குப் பாளையங்கோட்டை போய்த் திரும்பிய மறுநாள் ராத்திரி, என் எட்டு வயது மகன் கேட்டான்: "ஏம்ப்பா, ஜெபம் பண்றது ஆச்சி வீட்ல மட்டுந்தானா?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

நம்ம ஆட்களின் ஜெபக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை ஒரு வீட்டில் கூடுகிறோம். இரண்டு பாட்டு, ஒரு சின்ன செய்தி, அப்புறம் விண்ணப்பங்கள். ஒருவருக்கு மகனின் ஐஐடி சீட், ஒருவருக்கு டிரான்ஸ்பர், இன்னொருவருக்கு கனடா விசா. முடிந்ததும் பிரியாணி. (பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன், அது அருமையாகத்தான் இருக்கும்.) இதில் எந்த இடத்தில் கடவுளைத் தேடினோம்? கேட்டோம், அவ்வளவுதான். ஹாஸ்டலிலிருந்து போன் போட்டுப் பணம் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிற பிள்ளையை நாம் என்ன சொல்வோம்? காலையில் வாட்ஸப்பில் ஒரு வசனத்தைத் தள்ளிவிட்டால் அன்றைய கணக்கு தீர்ந்தது என்கிற பழக்கத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. நானும் செய்கிறவன்தான்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நாம் சண்டே ஸ்கூல் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். பண்டிகை முடிந்து யோசேப்பும் மரியாளும் ஊர் திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயது இயேசு கூட்டத்தோடு வருகிறார் என்று நினைத்து ஒரு நாள் பிரயாணம் போய்விடுகிறார்கள். சொந்தக்காரர், தெரிந்தவர் நடுவில் தேடினால் ஆள் இல்லை. திரும்பிப் போய்க் கண்டுபிடிக்க மூன்று நாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லையே! கோவிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள். நம்மவர்களோடுதானே இருக்கிறோம், அவரும் இருப்பார் என்ற நினைப்பு ஒன்றுதான் அவர்களை ஏமாற்றியது. வெளியூரில் ஒரு தமிழ் ஆராதனை கிடைத்துவிட்டால் போதும் என்று இருக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேண்டுமா?

'வேலைப் பளு சார், உங்களுக்குத் தெரியாததா' என்பார்கள். சரி, வேலை என்றே எடுத்துக்கொள்வோம். ஹவுராவில் லோக்கல் ஏறினால் சேராம்பூர் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே இருந்த வில்லியம் கேரியை விட வேலை செய்த ஆள் யார்? 1793இல் குடும்பத்தோடு கல்கத்தா வந்து இறங்கினார். வேதத்தை வங்காளத்திலும் இன்னும் பல மொழிகளிலும் மொழிபெயர்த்தார். 1818இல் கல்லூரி. எல்லாம் கடவுளுடைய வேலைதான். ஆனால் 1800இல் குடும்பம் சேராம்பூர் வந்தபோது, மனைவி டொரதி மனநிலை பாதிக்கப்பட்டிருந்தார். பையன்களைக் கவனிக்க ஆளில்லை. அவர்கள் கட்டுப்பாடில்லாமல் திரிவதைப் பார்த்துப் பதறியவர் உடன் ஊழியரின் மனைவி ஹன்னா மார்ஷ்மன். மூத்தவன் ஃபீலிக்ஸை உட்கார வைத்துப் பேசி விசுவாசத்துக்குள் நடத்தியவர் வில்லியம் வார்ட். அப்பா பக்கத்து அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்!

அந்த ஃபீலிக்ஸ் 1807இல் பர்மாவுக்கு மிஷனரியாகப் போனார். அம்மை குத்தும் வைத்தியமும் தெரியும் என்பதால் அரசவை வரை செல்வாக்கு. 1814இல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து மனைவியும் குழந்தைகளும் போனார்கள். அதன்பின் பர்மா ராஜாவின் தூதராகக் கல்கத்தா வந்து, ஆடம்பரமாக வாழ்ந்து, கடனில் மூழ்கினார். கிழக்கு எல்லையில் மூன்று வருஷம் அலைந்தார். அந்தத் துக்கத்துக்குள் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு உறைத்தது அப்பாவின் எதிர்வினை. மகன் ராஜதூதர் ஆன செய்தி கேரிக்குப் பதவி உயர்வாகத் தெரியவில்லை, மிஷனரியாக இருந்தவன் இப்படிச் சுருங்கிப்போனானே என்றுதான் வருந்தினார். நம் வீட்டில் இதே செய்தி வந்தால் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்திருப்போம்.

1818இல் சிட்டகாங் பக்கம் ஃபீலிக்ஸைக் கண்டு சேராம்பூருக்குக் கூட்டி வந்தவரும் அதே வார்ட்தான். திரும்பி வந்து வங்காளத்தில் நிறைய எழுதினார். 1822இல், முப்பத்தாறு வயதில், இறந்துபோனார்.

ஆசா ராஜாவையும் பாருங்கள். முதல் பாதியில் தேசத்தையே கர்த்தரைத் தேடச் சொன்ன மனுஷன். முப்பத்தொன்பதாம் வருஷம் காலில் வியாதி வந்தபோது வைத்தியர்களைத் தேடினான், கர்த்தரைத் தேடவில்லை. (டாக்டரிடம் போகாதே என்று நான் சொல்வதாகக் கிளம்பிவிடாதீர்கள்!) நடுவில் அவன் விசுவாசத்தை மறுதலித்ததாக எங்கேயும் இல்லை. பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

இன்னொரு சாக்கு உண்டு. 'ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை பிரதர்.' இதே ஊரில் ஏ.ஜே.சி. போஸ் ரோட்டில் வாழ்ந்த அன்னை தெரசாவுக்கும் தோன்றவில்லை. 2007இல் வெளியான அவருடைய கடிதங்களைப் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷம் உள்ளே வெறும் இருட்டு. அப்படியிருந்தும் 1973 முதல் தன் சகோதரிகளுக்குத் தினமும் ஒரு மணி நேர ஆராதனையைக் கூட்டினாரே தவிர குறைக்கவில்லை. பிராட்டஸ்டண்ட்காரன் ஏன் இவரை இழுக்கிறான் என்று கேட்பவர்கள், முதலில் அந்த ஒரு மணி நேரத்தைச் செய்துவிட்டு வந்து கேட்கட்டும்.

மகனுக்கு நான் பதில் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு டிவியை அணைத்துவிட்டு நாலு பேரும் பாயில் உட்காருகிறோம். முதல் நாள் எந்தப் பாட்டும் முழுசாக எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர்கள் காரணம் ஒன்றும் கேட்கவில்லை, போனிலேயே முதல் அடியை எடுத்துக் கொடுத்தார்கள்.