“இழுக்கும், ஓட்டு!”

“இழுக்கும், ஓட்டு!” – நாள்தோறும் நம் ஊர்களிலே பிறக்கிறது இப்படி ஒரு கட்டளை. கரும்புத் தோட்டத்திலே பிறக்கிறது, செங்கல் சூளையிலே பிறக்கிறது, ஆற்றங்கரையிலே பிறக்கிறது. கட்டளை இடுபவர் வண்டிக்கு உடையவர். கேட்டுக்கொள்பவர் டிராக்டர் ஓட்டும் தோழர். பின்னால் கட்டிய டிரெய்லரிலே பாரமோ மலைபோல! “முதலாளி, இது அதிகமாச்சுங்களே” என்று அவர் தயங்கினால், “போன வாரம் இதைவிட அதிகமா இழுத்துச்சே! இழுக்கும், ஓட்டு!” என்று வருகிறது பதில்.

உண்மைதான், இழுக்கும். நாம் அதை மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி, தோழர்களே! இழுத்த வண்டி நிற்குமா?

இழுக்கும் பலம் வேறு. நிறுத்தும் பலம் வேறு. இந்த ஒன்றை உணராததால் வருவதே வினை அத்தனையும். தாழ்ந்த கியரிலே போட்டால் டிராக்டர் தன் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தை மெல்ல மெல்ல இழுத்துச் சென்றுவிடும். கண்டவர் மலைக்கிறார்; கொண்டவர் இன்னும் ஏற்றுகிறார். ஆனால், பிரேக் எங்கே இருக்கிறது? பெரும்பாலான டிராக்டர்களிலே பின் சக்கரம் இரண்டிலே மட்டும். பின்னால் வருகிற டிரெய்லருக்கோ, பல இடங்களிலே பிரேக் என்பதே கிடையாது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராக்டர் 2 டன், டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 8 டன் என்று வைத்துக்கொள்வோம். 2 டன்னை நிறுத்தவேண்டிய பிரேக்கின் தலையிலே 10 டன் வந்து விழுகிறது. ஐந்து மடங்கு வேலை! அத்தோடு போயிற்றா? வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால், பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஐந்தை நான்கால் பெருக்குங்கள் – இருபது! இருபது மடங்கு வேலையை இரண்டு சக்கரத்தின் மேல் சுமத்திவிட்டு, “பார்த்து ஓட்டுடா” என்று அறிவுரை சொல்வது நியாயமா?

மாட்டுவண்டி ஓட்டிய நம் பாட்டன் இதை அறிவான். ஏற்றத்திலே மாடு வண்டியை இழுக்கும். இறக்கத்திலே வண்டி மாட்டைத் தள்ளும். இன்று மாட்டின் இடத்திலே டிராக்டர். பாலத்தின் இறக்கத்திலே பிரேக்கை மிதித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும். பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். மடக்குக் கத்தி மடிவதுபோல இரண்டும் மடியும். நடுவிலே அகப்படுபவர் யார்? முதலாளி அல்ல, மூட்டையின் மேல் உட்கார்ந்து வரும் கூலித் தோழர்!

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. அயர்லாந்து நாட்டிலே 1889-லேயே எழுந்தது; ஏறத்தாழ 80 உயிரைக் கொடுத்துத்தான் விடை பெறப்பட்டது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1889 ஜூன் 12. அர்மா என்ற ஊரிலிருந்து கடற்கரை ஊரான வாரன்பாயிண்டுக்கு ஒரு சுற்றுலா ரயில். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெற்றோருமாக ஏறத்தாழ 900 பேர் ஏறினார்கள். கூட்டம் பெருகவே பெட்டிகளைக் கூட்டினார்கள், 15 ஆயிற்று. “என் எஞ்சினுக்கு இது அதிகம்” என்று வாதாடினார் ஓட்டுநர். நிலைய அதிகாரியிடம் அது எடுபடவில்லை. ரயில் புறப்பட்டது.

ஊரைத் தாண்டினால் நீண்ட மேடு. உச்சிக்குச் சிறிது தூரமே இருக்கையில் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றது. உடன் வந்த அதிகாரி ஒரு முடிவு செய்தார்: ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் மேலே கொண்டு போவது, பின்பகுதிப் பத்துப் பெட்டிகளை மேட்டிலேயே நிறுத்திவைப்பது. ஆனால் அந்த ரயிலின் பிரேக் எப்படிப்பட்டது? எஞ்சினோடு இணைந்திருக்கும்வரைதான் பிடிக்கும். இணைப்பை அவிழ்த்தால் பிடி விட்டுப்போகும்! பத்துப் பெட்டிகளுக்கும் காவல், கடைசி வண்டியிலிருந்த ஒரு கைப்பிரேக்கும், சக்கரத்துக்கடியிலே வைத்த சில கற்களுமே! முன்பகுதி சற்றே பின்வாங்கித் தட்டிற்று, கற்கள் நொறுங்கின, பெட்டிகள் உருண்டன. வேகம் கூடிற்று. பின்னால் மேடேறி வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலிலே மோதிற்று. மாண்டவர்களிலே பலர் குழந்தைகள்.

எஞ்சின் இழுத்துவிடும் என்று நம்பினார்கள். இழுக்கவில்லை என்பதுகூடப் பெரிதல்ல. நின்ற இடத்திலே நிற்க வைக்க வழி இல்லையே, அதுதான் உயிர்களைக் குடித்தது!

மூன்று மாதம் ஆவதற்குள் பிரிட்டனின் பாராளுமன்றம் சட்டம் செய்தது. பயணிகள் ரயிலிலே பெட்டிக்குப் பெட்டி பிரேக் வேண்டும்; இணைப்பு அறுந்தால் பிரேக் விட்டுவிடக் கூடாது, தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே அந்தப் பிரேக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, தோழர்களே! அறிவு இருந்தது, கருவி இருந்தது, கட்டாயம்தான் இல்லை. செலவு என்றார்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள்.

அந்தப் பாடம் அங்கே சாலைக்கும் வந்தது. விடுமுறைக்குப் போகிறவர்கள் காருக்குப் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டிவீட்டைக் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். ‘காரவன்’ என்று அதற்குப் பெயர். உல்லாசப் பயணம்தான்! ஆனாலும் சட்டம் விட்டுவைக்கவில்லை. இழுபடும் வண்டி பாரத்தோடு 750 கிலோவைத் தாண்டுமானால் அதற்கென்று தனி பிரேக் வேண்டும். கொக்கி கழன்றால் பிரேக்கைத் தானே இழுத்துப் பிடிக்கும் கம்பியும் வேண்டும். புதிதாக இழுப்பவருக்கு இன்னோர் அறிவுரையும் உண்டு: காரின் எடை 100 என்றால் இழுபடும் வண்டி 85-க்குள் இருக்கட்டும் என்று. உல்லாசத்துக்குப் போகிற வண்டிக்கு 750 கிலோவிலே பிரேக். உழைக்கப் போகிற வண்டிக்கு 8 டன்னிலும் பிரேக் இல்லை என்றால், உழைப்பவன் உயிர் அவ்வளவு மலிவா?

இங்கே சட்டமே இல்லையா? இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலே குறித்த எடைக்கு மேல் ஏற்றாதே என்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆவது பிரிவு, மீறினால் 20,000 ரூபாய், மிகையாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய் என்கிறது. மிகைப் பாரத்தை இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது என்றும் சொல்கிறது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அபராதம் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல. ஓட்டச் செய்தவருக்கும் உண்டு! ஓட்டியவர் வேறு, உடையவர் வேறு என்றால், உடையவர் அறிந்தே, அவர் ஏவியே குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என 113-ஆவது பிரிவே வழிவிட்டிருக்கிறது. அப்படியிருக்க, சாலையிலே மடக்கி ஓட்டுநரின் உரிமத்தை மட்டும் பறித்துக்கொண்டு, “இழுக்கும், ஓட்டு” என்று ஏவியவரை வீட்டுத் திண்ணையிலே விட்டுவிடுவது எந்த ஊர் நீதி? ஏவியவர் யார் என்று கேளுங்கள். எடைச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்குத் தகுதிச் சான்று கொடுத்தது யார் என்று கேளுங்கள்!

ஓட்டும் தோழருக்கும் சில சொற்கள். டிராக்டரிலே பிரேக் பெடல் இரண்டு – இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. வயலிலே திரும்புவதற்காக அந்த ஏற்பாடு. சாலைக்கு வந்தவுடன் இரண்டையும் தாழ் போட்டு இணைத்துவிடுங்கள். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழலும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைத் தாழ்த்துங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலிலே விடாதீர்கள். கொக்கியின் ஊசியைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஏறுங்கள். பாரத்தின் மேல் ஆளை ஏற்றாதீர்கள் – தாயும் பிள்ளையும் “அண்ணே, வழியிலே இறக்கி விடுங்க” என்று கெஞ்சினாலும் ஏற்றாதீர்கள்! அந்த மறுப்பே நீங்கள் அவர்களுக்குச் செய்யும் உதவி.

மெல்லிய இறகேயானாலும் அளவு மீறினால் வண்டி தாங்காது என்று எச்சரித்தவர் வள்ளுவர். நாம் ஏற்றுவது இறகா? கரும்பு, செங்கல், மணல், இவற்றோடு மனித உயிர்!

அர்மாவிலே “அதிகம்” என்று சொன்ன ஓட்டுநரின் சொல் எடுபடவில்லை. நம் ஊரிலே அந்தச் சொல் எடுபடவேண்டும். ஒருவர் சொன்னால் வேலை போகும் என்று அச்சம். சூளையிலே பத்துப் பேரும் சேர்ந்து சொன்னால் பாரம் இறங்கும். “இழுக்கும், ஓட்டு!” என்று இனி எவர் சொன்னாலும், ஒரே குரலிலே திருப்பிக் கேளுங்கள்:

“இழுக்கும், முதலாளி! நிற்குமா?”