தேரும் அச்சாணியும்

புகழ் எப்பொழுதும் தகுதியைத் தேடிச் செல்வதில்லை. மாந்தரிடையே காணப்படும் இவ்வியல்பு மோட்டார் வண்டிகளிடையேயும் உண்டு. ஐரோப்பிய வண்டிகள் என்றவுடன் றோல்ஸ் றோய்ஸ், மேர்சிடிஸ், பெராரி முதலிய பெயர்களே பலர் நாவிலும் எழுகின்றன. அவை போற்றத்தக்கன அல்ல என்று நாம் கூறவில்லை. ஆயினும், தேரின் அலங்காரத்திலே கண்ணைப் பறிகொடுத்து அச்சாணியை மறத்தல் அறிவுடைமையாகாது. ஒரு வண்டியின் பெருமையை அதன் விலையாலோ வேகத்தாலோ அளத்தல் பொருந்தாது. அது பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற பயனாலேயே அளத்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

தமிழாசிரியருக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். சொல்லுக்கு வேர் காண்பது எமது தொழில். பொருளுக்கு வேர் காண்பதும் அதனோடொத்த இன்பம் பயப்பதே.

இத்தாலி நாட்டின் தூரின் நகரிலே வின்சென்சோ லான்சியா என்பார் ஆக்கிய 'லம்டா' என்னும் வண்டி 1922ஆம் ஆண்டிலே காட்சிக்கு வந்தது. கனத்த அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடற்பகுதியைத் தனியே ஏற்றிப் பொருத்துவதே அந்நாள் வழக்கம். எமது மாட்டு வண்டிலின் அமைப்பும் ஏறக்குறைய அதுவே. லான்சியாவோ அடிச்சட்டத்தை ஒழித்து, உடலையே பாரந்தாங்கும் கூடாக அமைத்தார். கப்பலின் உடற்கட்டைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று என்பர். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராது தனித்தனியே ஏறியிறங்கவும் வழி செய்தார். வண்டி தாழ்ந்தது, எடை குறைந்தது, மேடுபள்ளங்களில் உறுதியாக ஓடிற்று. இன்றைய சிறு கார்களில் மிகப் பெரும்பாலானவை இவ்விரு முறைகளையும் தழுவியனவே. எனினும், அவற்றை ஓட்டுவோருள் 'லம்டா' என்னும் பெயரைக் கேட்டறிந்தோர் எத்துணைப் பேர்?

அடுத்து, செக்கோசிலோவாக்கியாவிலே தோன்றிய 'தத்ரா 77' என்னும் வண்டியை எண்ணுவோம். ஹான்ஸ் லெட்விங்கா என்னும் பொறியியலாளரின் தலைமையிலே உருவாகி, 1934இல் வெளிவந்தது அது. காற்றை எதிர்த்து முட்டாது, காற்று வழுகிச் செல்லுமாறு அதன் உடலை வளைத்தனர். காற்றினால் குளிர்விக்கப்படும் எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைப் பின்புறத்தில் வைத்தனர். ஏறத்தாழ 60 குதிரைவலுவே உடைய அவ்வியந்திரம் அப்பெரிய வண்டியை மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலும் செலுத்திற்று. வலுவைக் கூட்டுவதினும் தடையைக் குறைப்பது சிறந்தது என்னும் பாடத்தை உலகிற்குக் காட்டிய வண்டிகளுள் இது தலையாயது. எரிபொருட் சிக்கனத்தை நாடும் இக்காலத்தார் அப்பாடத்தையே மீண்டும் ஓதுகின்றனர். உலகப் புகழ்பெற்ற வொல்க்ஸ்வாகன் சிறு வண்டி தனது கருத்துகளைத் தழுவியது எனத் தத்ரா நிறுவனம் வழக்காடியதும், 1960களிலே பணம் கொடுத்து அவ்வழக்குத் தீர்க்கப்பட்டதும் வரலாறு. லெட்விங்காவோ போரின் பின்னர் ஆறாண்டு சிறையிருந்து 1951இல் விடுதலை பெற்றார், 1967இல் மறைந்தார். புகழ் பிறர்பாற் சென்றது.

தோல்வியுற்ற வண்டிகளையும் நாம் இகழ்தல் கூடாது. ஜேர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனம் 1967இல் வெளியிட்ட 'றோ 80' அத்தகையது. ஏறியிறங்கும் முசலங்களுக்குப் பதிலாகச் சுழலும் உறுப்புகளைக் கொண்ட வாங்கெல் இயந்திரம் அதில் அமைந்தது. ஐரோப்பாவில் 1968ஆம் ஆண்டின் சிறந்த கார் என்னும் பரிசையும் அது பெற்றது. ஆயின், சுழலும் உறுப்பின் முனையிலிருந்த அடைப்புகள் விரைவிலே தேய்ந்தன. நிறுவனம் இயந்திரங்களை மாற்றிக் கொடுத்தே நலிந்தது. 1969இல் வொல்க்ஸ்வாகன் குழுமத்துள் அடங்கியது. 1977இல் அவ்வண்டியின் உற்பத்தியும் நின்றது. இயந்திரம் தோற்றதெனினும், முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்ந்த அதன் உருவம் பின்னாளைய கார்கள் பலவற்றிற்கு முன்மாதிரியாயிற்று.

இனி, எமது ஒழுங்கைகள் நன்கறிந்த மொறிஸ் மைனருக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் வரைந்த இவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியிலே அறிமுகமாயிற்று. நிறுவனத் தலைவரான நஃபீல்ட் பிரபுவே இதனை அவித்த முட்டை போன்றது என இகழ்ந்தார் என்பர். மாதிரி வண்டி ஒடுக்கமாக இருப்பதை உணர்ந்த இசிகோனிஸ், அதனை நெடுக்கே இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகற்றினார். இயந்திர மூடியின் நடுவே ஓடும் அகன்ற பட்டை அவ்வெட்டின் தழும்பேயாகும். இகழப்பட்ட அவ்வண்டியே பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்னும் சிறப்பை 1960இன் இறுதியிலே பெற்றது.

அதன் உண்மையான மாண்பு பிறிதொரு காலத்திலே விளங்கிற்று. 1990இல் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபொழுது, புதிய வண்டிகள் கொட்டில்களிலே முடங்கின. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய வண்டிகளோ மண்ணெண்ணெயில் ஓடின. இது மாயமன்று. அவற்றின் இயந்திரங்கள் எரிகலவையை மிகுதியாக அமுக்குவதில்லை. ஆதலின், தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை மிகுந்தது, மணம் வயிற்றைக் குமட்டிற்று. எனினும், பிள்ளைப்பேற்றுக்குத் துடித்த தாயரையும் காயமுற்றோரையும் வைத்தியசாலையிற் சேர்த்தவை அவ்வண்டிகளே. விலையுயர்ந்த வண்டி எதுவும் அந்நாளில் அப்பணியைச் செய்திருக்க இயலாது.

பழைய வண்டிகள் காற்றை மாசுபடுத்துவன, விபத்திலே போதிய காப்பளியாதன என்பார் கூற்றை நாம் மறுக்கவில்லை. எல்லோரும் அவற்றையே ஓட்டுக என்பதும் எமது வாதமன்று. அவற்றைப் பழைய இரும்பாக நிறுத்து விற்பது தகாது என்றே சொல்கின்றோம். இன்றைய இயந்திரம் மூடிய பேழை. அதன் நோயைக் கணினியே கூறவேண்டும். பழைய இயந்திரமோ திறந்த ஏடு. எரிபொருள் செல்லும் வழியையும், பொறி பிறக்கும் இடத்தையும், விசை சக்கரத்தை அடையும் முறையையும் மாணவன் கண்ணாற் கண்டு கையாற் தொட்டு அறியலாம். தொழினுட்பம் பயிற்றும் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஓடும் நிலையிலுள்ள பழைய வண்டி ஒன்றேனும் இருத்தல் வேண்டும். கழற்றிப் பூட்டிப் பழகுவதற்கு அதனினும் நல்லாசான் இல்லை.

பிறிதொரு கடமை இதனினும் விரைந்து செய்யத்தக்கது. அவ்விடர்க் காலத்திலே வண்டிகளுக்கு உயிரூட்டிய கைவினைஞர் பலர் முதுமையெய்திவிட்டனர். எந்நூலிலும் இல்லாத அவர்தம் நுட்பங்கள் அவரோடு மறையுமாயின், அவ்விழப்பை எவராலும் ஈடுசெய்ய இயலாது. கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் எமது பழைய மாணவருள் பொறியியல் கற்றோர் பலர். அவர்கள் ஊருக்கு வரும்பொழுது, அம்முதியோரின் பட்டறை வாயிலிலே ஒரு பகற்பொழுது அமர்ந்து, அவர் சொல்வனவற்றைக் கேட்டு எழுதிவைப்பாராக. தூரினிலும் இலண்டனிலும் தோன்றிய அறிவு எமது மண்ணிலே எவ்வாறு மறுபிறப்பெய்திற்று என்பதை வருங்கால மாணவர் அறிதற்கு அவ்வேடுகளே சான்றாகும்.