கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது, ஆள் எங்கே?

வளரும் நாடுகளுக்குக் கம்ப்யூட்டர் அனுப்புவது சுலபம். கப்பலில் ஏற்றினால் போய்ச் சேர்ந்துவிடும். அதைக்கொண்டு வேலை வாங்கத் தெரிந்த ஆளைத் தயார் செய்வதுதான் கஷ்டம். மான்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003-ல் ஒரு கணக்குப் போட்டார். இந்நாடுகளின் சர்க்கார்கள் தொடங்கிய கம்ப்யூட்டர் திட்டங்களில் 35 சதவிகிதம் அடியோடு தோல்வி. 50 சதவிகிதம் அரைகுறை. 15 சதவிகிதமே வெற்றி. உத்தேசக் கணக்குதான். ஆனால் அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. திட்டம் தீட்டியவர் மனத்தில் இருந்த ஊர் வேறு, திட்டம் போய் இறங்கிய ஊர் வேறு!

அப்படியானால் எந்த மாதிரிப் பயிற்சி தேவை? இதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1994-ல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. இனத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த சுகாதார இலாகாக்களை ஒன்றுசேர்க்கும் வேலை புதிய சர்க்காரின் தலையில் விழுந்தது. கேப் டவுன் வட்டாரத்தில் உள்ளூர் சர்வகலாசாலைகளும் நார்வேயின் ஆஸ்லோ சர்வகலாசாலையும் சேர்ந்து இதில் இறங்கின. ஆஸ்பத்திரி நர்ஸுகள் மாதந்தோறும் கட்டுக்கட்டாகப் படிவம் நிரப்பி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பயன்படும்படி கீழே திரும்பி வந்தது மிகச் சொற்பம். ஆகவே முதலில் புரோகிராம் எழுத உட்காரவில்லை. எந்தக் கணக்கு வேண்டும், எது வீண் சுமை என்று பொறுக்கி எடுத்தார்கள். கம்ப்யூட்டர் அப்புறம்தான் வந்தது. கல்லூரியில் நிரல் எழுத மட்டும் படித்து வந்த பையனுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும். உண்மையில் அவன் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே.

அந்த முயற்சியில் பிறந்ததுதான் இன்று டி.எச்.ஐ.எஸ். 2 என்று வழங்கும் இலவச மென்பொருள். 70-க்கு மேற்பட்ட நாடுகளில் சுகாதாரக் கணக்கு இதில் ஓடுகிறது. இதன் புதிய வடிவம் 2006-ல் முதன்முதலாக அமலானது நமது பக்கத்து வீடான கேரளத்தில் என்பது பலருக்குத் தெரியாது. கென்யா 2011-ல் இன்னொரு துணிவான காரியம் செய்தது. ஜில்லாவுக்கு ஜில்லா சர்வர் வைத்துப் பராமரிக்கும் தொல்லையே வேண்டாமென்று நாடு முழுவதற்கும் ஒரே சர்வர் வைத்தது. ஜில்லா உத்தியோகஸ்தர்கள் மொபைல் மோடம் வழியாகக் கணக்கை ஏற்றினார்கள். மின்சாரமும் கேபிளும் ஓயாமல் கிடைக்கும் ஊரில் பழகிய நிபுணருக்கு இந்த யோசனை எளிதில் தோன்றியிராது.

ஆனால், பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது என்ன? தலைநகர் ஹோட்டலில் ஐந்து நாள் வகுப்பு, படிச் செலவு, சான்றிதழ். வகுப்பு முடிந்து ஊர் திரும்பினால் கேள்வி கேட்க ஆளில்லை. நன்றாகக் கற்றவனையோ தனியார் கம்பெனி கூடுதல் சம்பளம் தந்து இழுத்துக்கொள்கிறது. அவனைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

2025-ல் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. அமெரிக்கா அந்நிய உதவியை ஜனவரியில் நிறுத்தி வைத்தது. உதவி ஸ்தாபனமான யு.எஸ்.எய்ட் ஜூலை 1-ல் மூடப்பட்டது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்த பலருக்கு அந்தப் பணத்திலிருந்தே சம்பளம் போய்க்கொண்டிருந்தது. பயிற்சி பெற்ற கை இருக்கிறது, நாற்காலி போய்விட்டது!

இலங்கை வேறு வழியில் போனது. கொழும்பு சர்வகலாசாலையின் மேற்படிப்பு மருத்துவ நிறுவனம் டாக்டர்களுக்கே தகவல் துறையில் முதுநிலைப் பட்டம் தந்து வருகிறது. 2020 ஜனவரி இறுதியில் கொரோனா வந்தபோது, விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை அங்கிருந்தவர்களே டி.எச்.ஐ.எஸ். 2-ல் சில தினங்களில் அமைத்துவிட்டார்கள். ஆஸ்லோ அதை வாங்கி மற்ற நாடுகளுக்கும் கொடுத்தது. அந்தப் படிப்பு முடித்த டாக்டர்களுக்கு இலங்கைச் சுகாதார இலாகாவிலேயே தனிப் பதவி உண்டு, சம்பளமும் கொழும்பிலிருந்துதான்.